பெரிய வீடு குழு: கொல்லைக்குக் கரண்ட்

மீனா: 16ஆம் தேதி காவ்யா வளைகாப்பு கொல்லையில்தான். மாமரத்தடியில் பந்தல். விளக்கு, கிரைண்டர், மைக் செட்டுக்குக் கரண்ட் வேண்டும். நல்ல எலக்ட்ரீஷியன் யாராவது தெரியுமா?

ரவி: பின்கட்டு பிளக்கில் இருந்து நீள ஒயர் இழுத்தால் போதும் அக்கா. ஒரு நாள் கூத்துக்கு எதற்குச் செலவு

செல்வி: சாதம் ஐந்து வகையா ஏழா? சமையல்காரர் கேட்கிறார்

பாஸ்கரன்: ரவி, அப்பா சதாபிஷேகத்துக்கு நீ அப்படி இழுத்துத்தான் மணி செத்தது.

அருண்: மணியைப் பாம்பு கடித்தது என்றுதானே சொன்னீர்கள் பெரியப்பா?

மீனா: நீ அப்போது நாலாவது படித்தாய் கண்ணா

செல்வி: 😔

பாஸ்கரன்: ஈரப் புல்லில் ஒயர் கிடந்தது. மண்வெட்டி பட்டு மேல்தோல் கிழிந்திருந்தது. அன்றைக்கு நாய், நாளைக்குக் குழந்தை. எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். போர்டில் இருந்து மாமரம் 22 மீட்டர். ஆர்மர்டு கேபிள், 3 கோர் (உள்ளே மூன்று தனித்தனிக் கம்பி), 4 ஸ்கொயர் எம்எம் செம்பு, ஒரே துண்டாக. நடுவில் ஜாயின்ட் கூடவே கூடாது. சாதா ஒயரை பிவிசி பைப்பில் போட்டுப் புதைத்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், கடப்பாரை பட்டால் நேரே இறங்கும். ஆர்மர்டில் சுற்றி இரும்புக் கம்பி இருக்கிறது. இரண்டரை அடி பள்ளம். நாலு விரல் மணல், கேபிள், மறுபடி மணல், மேலே செங்கல் வரிசை, அப்புறம் மண். தோண்டுகிறவருக்குச் செங்கல் தட்டுப்பட்டாலே கை நின்றுவிடும். மூன்றாவது கோர் எர்த்துக்கு, ஆர்மரையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். போர்டில் தனி எம்சிபி (லோடு கூடினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவைப் பார்க்கும் சுவிட்ச்). லைனில் போகிற கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பாமல் யார் உடம்பு வழியாகவாவது மண்ணுக்கு இறங்கினால், ஆர்சிசிபி உடனே விழுந்து கரண்டை நிறுத்திவிடும். சாதா எம்சிபி அதைப் பார்க்காது. மரத்தடியில் மூடி போட்ட, தண்ணீர் புகாத பெட்டி, கல்தூணில் மூன்றடி உயரத்தில்.

காவ்யா: மாமா, பாதி படித்தேன், மீதி மத்தியானம் 😄

அருண்: பெரியப்பா, பந்தல்காரர் மூங்கில் நடக் குழி போடுவாரே?

பாஸ்கரன்: அதைத்தான் சொல்ல வந்தேன். பள்ளம் முதலில், பந்தல் பிறகு. கேபிள் போன வழியில் சுண்ணாம்புக் கோடு. நீ படம் எடுத்து இங்கே போடு.

மீனா: செவ்வாய்க்கிழமை மண் தோண்ட வேண்டாம். மல்லிகைப் பந்தல் பக்கமும் வேண்டாம், அம்மா வைத்தது

பாஸ்கரன்: மல்லிகையைச் சுற்றிப் போனால் 4 மீட்டர் கூடும்.

செல்வி: கூடட்டும். ஏழு வகை என்று சொல்லிவிடவா?

மீனா: புளியோதரை, தேங்காய் கட்டாயம் அண்ணி. மற்றது காவ்யா சொல்லட்டும்

காவ்யா: மாங்காய் சாதம் அத்தை!!

அருண்: செலவு யார்? கிணற்று மோட்டாருக்கு நடந்த மாதிரி ஆகிவிடப் போகிறது

மீனா: அருண்!

ரவி: கேபிள் பணம் நான் தருகிறேன்

ரவி: அண்ணே, ஒயர் கிழிந்திருந்ததை அன்று காலையிலேயே பார்த்தேன். டேப் சுற்றினேன். போதும் என்று நினைத்துவிட்டேன்

பாஸ்கரன்: தெரியும் தம்பி. புதன்கிழமை வா, பள்ளம் போடும்போது கூட நில்.

ரவி: புதன் ஆபீஸ். வியாழன் வரட்டுமா?

மீனா: வியாழன் பந்தல்காரர் வருகிறேன் என்றார். கேட்டுச் சொல்கிறேன்

செல்வி: மாங்காய்க்கு இது சீசன் இல்லையே காவ்யா