‘வெள்ளம்’ என்று தேடினால் வரவில்லை, புத்தகம் இறாக்கையில் இருக்கிறது

உவர்மலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு சிறிய பொது நூலகத்தில் 1998 இலிருந்து நூலக உதவியாளராக இருக்கிறேன். 894.811, அதாவது தமிழ் இலக்கிய இறாக்கை, எங்கே என்று கேட்டால் இருட்டிலும் காட்டுவேன். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் காட்டியும் இருக்கிறேன்.

இப்போது எங்களுக்கும் கோஹா, புத்தகப் பட்டியலைக் கணனியில் வைக்கும் நூலக மென்பொருள், வந்துவிட்டது. சூமில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பாதி நேரம் பேசியவரின் குரலே கேட்கவில்லை. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு, நியூசிலாந்தில் ஓர் ஊர் நூலகத்துக்காகச் செய்து 2000 ஜனவரியில் ஓடவிட்டார்கள் என்பது மட்டும் மனதில் நின்றது. மிச்சமெல்லாம் நானாகத் தடவித் தடவிப் படித்ததுதான்.

பட்ட பாடு கொஞ்சமல்ல. எக்செல்லில் ஐஎஸ்பிஎன், அதுதான் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க நம்பர், அடித்து சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தேன். திறந்து பார்த்தால் எல்லாம் 9.78955 ஈ பிளஸ் 12 என்று நிற்கிறது. நம் நாட்டுப் புத்தகங்களில் முக்கால்வாசி 978955 என்றுதானே தொடங்கும், ஆகவே நூற்றுக்கணக்கான புத்தகத்துக்கு ஒரே நம்பர். அடிக்க முன்னரே அந்த நிரலை டெக்ஸ்ட் என்று மாற்றியிருக்க வேண்டுமாம். அப்புறம் பார்கோடு ஸ்கேனர். எங்கள் பார்கோடு இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும். கணனியில் தமிழ் போட்டபடி ஸ்கேன் பண்ணினால் அந்த இரண்டும் தமிழ் எழுத்தாக விழுந்து, அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று சொல்லிவிடும். ஸ்கேனரும் ஒரு கீபோர்ட்தான் என்று எனக்குப் புரிய ஒரு கிழமை எடுத்தது. அதுவரை ஸ்கேனர் பழுது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதெல்லாம் சரி, கேட்க வந்தது வேறு. போன கிழமை உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை புவியியல் ஒப்படைக்கு வெள்ளப்பெருக்குப் பற்றிப் புத்தகம் கேட்டாள். புதிதாக ஏற்றியதைக் காட்டுவோம் என்ற பெருமையில் ‘வெள்ளம்’ என்று தேடினேன். ஒன்றுமில்லை. எழுந்து போய் 551.48 இல் கை வைத்தேன், நாலு புத்தகம் இருந்தன. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் முகம் சிவந்தது. பதிவேட்டு நம்பரைப் போட்டுத் திறந்தால் தலைப்பு திரையில் சரியாகத்தான் தெரிகிறது. ‘வெள்ளி’, ‘வெளியீடு’ என்று தேடினாலும் இதே கதை. ‘மழை’, ‘கடல்’ எல்லாம் உடனே வருகிறது. ‘வெ’ என்ற எழுத்தோடு இந்தக் கணனிக்கு என்ன கோபம்?

தலைப்புகளை முன்பு ஒரு தங்கச்சி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். இணையத்தில் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஏற்றினோம். இதுவரை 1,140 புத்தகம். எல்லாவற்றையும் திரும்ப அடிக்கச் சொல்லாதீர்கள், நிலாவெளி றோட்டில் இறங்கி நடந்துவிடுவேன்.

மட்டுநகர்த் தம்பி:

அக்கா, கோபம் ‘வெ’ மேலே இல்லை, ‘ள’ மேலே. திறந்த பதிவில் ‘வெள்ளம்’ என்ற சொல்லைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ‘வௌ்ளம்’ என்று இருக்கும். புள்ளி கொஞ்சம் விலகி நிற்கும், சில கணனிகளில் புள்ளிக்குக் கீழே சிறிய வட்டம் தெரியும்.

பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. கொம்பு, எழுத்து, பிறகு ள. ‘கௌரி’ அடித்தாலும் ‘வெளி’ அடித்தாலும் விசை ஒழுங்கு ஒன்றுதான். நாம் வாசித்துப் புரிந்துகொள்வோம். மாற்றிக்குப் புரியாது. சில மாற்றிகள் கொம்பையும் ளவையும் கண்டவுடன் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும், அப்போது ‘வௌியீடு’ பிறக்கும். சில எதையும் மாற்றாது, அப்போது ‘கெளரி’ பிறக்கும். நம் நாட்டுச் செய்தித் தளங்களிலேயே ‘வௌியீடு’ ஊர்வலம் போகிறது, கவனித்திருப்பீர்கள்.

ஒன்றும் திரும்ப அடிக்க வேண்டாம். ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ தமிழில் வரவே வராது. வந்திருந்தால் அது பிழைதான், சந்தேகமே வேண்டாம். எக்செல் கோப்பில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ‘ௌ்’ இருக்கும் இடமெல்லாம் ‘ெள்’ போடுங்கள். பிறகு ‘ௌி’ க்கு ‘ெளி’, இப்படியே மற்றக் குறிகளுக்கும். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே முன்னால் வ இருந்தாலும் து இருந்தாலும் கவலையில்லை. கையால் குறிகளை அடிக்கக் கஷ்டம் என்றால் பிழையான சொல்லிலிருந்து கொப்பி பண்ணுங்கள். முதலில் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், கடவுளே.

கோஹாவில் ஏற்றியதை, ஏற்றிய தொகுதியின் பக்கத்தில் போய் மீளப் பெற்றுவிட்டு, திருத்திய கோப்பை ஏற்றலாம். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் கோஹா வழியாகப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்களா?

உவர்மலைக்காரி:

இல்லைத் தம்பி, இரவல் இன்னும் பழைய அட்டையில்தான். நல்ல வேளை. ‘து’ இல்லை, ‘த’ என்று எழுத வந்தீர்கள் போல?

மட்டுநகர்த் தம்பி:

த தான் அக்கா. 27 வருஷம் பிழை பார்த்த கண்.

கிண்ணியா ஆசிரியர்:

சகோதரி, இன்னொன்றையும் பாருங்கள். எங்கள் பாடசாலை நூலகத்தில் முழு நிரலையும் ஒரேயடியாக மாற்றியில் போட்டோம். இடையில் இருந்த ஆங்கிலத் தலைப்புகளும் தமிழாகிவிட்டன, வாசிக்க முடியாத தமிழாக. மூன்று மொழிப் புத்தகமும் கலந்திருக்கும் ஊர் இது, ஆகவே மொழிவாரியாகப் பிரித்துவிட்டு மாற்றுங்கள்.

எழுத்தாளர் பெயர் அடுத்த தலையிடி. முகம்மது, முஹம்மத், முகமது, மொஹமட். எழுதியவர் ஒருவர்தான், பட்டியலில் நாலு பேர்.

பழைய நூலகர்:

தங்கச்சி, நான் ஓய்வுபெற்று ஒன்பது வருஷம். உங்கள் பட்டியலட்டைகளை யாராவது பழைய பேப்பர்க்காரனுக்குக் கொடுக்க வந்தால் இழுப்பறை மேலே ஏறி உட்காருங்கள். ‘ராஜரத்தினம் – இராசரத்தினம் என்பதைப் பார்க்க’ என்று எத்தனை அட்டை எழுதியிருப்பீர்கள்? கிண்ணியா ஆசிரியர் சொன்ன நாலு பேரையும் ஒருவராக்குவது அதுதான். கோஹாவில் பெயர்களுக்கென்று தனிப் பதிவு உண்டு. அதில் ஏற்றுக்கொண்ட வடிவம் 100 என்ற புலத்தில், மற்ற வடிவங்கள் 400 என்ற புலத்தில். பழைய ‘பார்க்க’ அட்டையே 400 ஆகிவிடும். அந்த வடிவங்களையும் தேடலில் சேர் என்று அமைப்பில் ஒரு தெரிவு இருக்கிறது, அதைத் திறந்துவிடச் சொல்லுங்கள். திறந்த பிறகு கணனி தேடப் பயன்படுத்தும் இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும், அது தம்பிமாரின் வேலை.

புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கணனி தெரியும். எந்த இரண்டு பெயர் ஒரே ஆள் என்று தெரியாது. வெட்கப்படாமல் அவர்களிடம் கேளுங்கள், அவர்களும் உங்களிடம் கேட்கட்டும்.

உவர்மலைக்காரி:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். தம்பி சொன்னபடி மாற்றினேன். ‘ௌ்’ மட்டும் 200க்கு மேல் இருந்தது. கெளரி, பெளத்தம் என்று வேறு தளத்தில் மாற்றிய சில எதிர்ப்பக்கத்தில் கிடந்தன, அவற்றைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மீளப் பெற்று, திரும்ப ஏற்றியாயிற்று. ‘வெள்ளம்’ தேடினால் நாலும் வருகின்றன. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன், “ஒப்படை குடுத்தாச்சு அக்கா” என்றாள்.

அட்டைகள் பத்திரம் ஐயா. முதல் இழுப்பறையிலிருந்து ‘பார்க்க’ அட்டைகளை எடுத்து 400 போடத் தொடங்கிவிட்டேன், அகரத்தில் மட்டும் 31.

நேற்று சிறுவர் பகுதியில் ஒரு பொடியன் தேடும் கணனியில் ஒளவையார் என்று அடித்துவிட்டு இல்லை என்று வந்தான். ஒ அடித்து ள அடித்திருக்கிறான். நாங்கள் இப்போது ஔவையாரைச் சரியாக ஏற்றி வைத்திருக்கிறோம் அல்லவா, அதனால் வரவில்லை. இந்தப் பக்கம் திருத்தினால் அந்தப் பக்கம் போகிறது. ஒளவையாரையும் 400 இல் போட்டுவிட்டேன். ஒரு பிறிஸ்டல் போர்ட்டில் ஔ என்று பெரிதாக எழுதி, எந்த விசை என்றும் போட்டு அந்தக் கணனிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மான் ஒன்று ஜன்னலால் தலை போட்டு மூலையைக் கொஞ்சம் தின்றுவிட்டது. எழுத்துக்குச் சேதமில்லை.