"ஐபி (சிங்கப்பூர் வேலைக்கான முதற்கட்ட அனுமதிக் கடிதம்) வந்துருச்சு"ன்னு சொன்னப்புறம் நடந்தது: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

துவாஸ் வெல்டர்:
போன தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. இங்க சிங்கப்பூர்ல, தேக்கா மார்க்கெட்ல காய் வாங்கிட்டு நிக்கிறேன், புதுக்கோட்டையிலேர்ந்து மச்சான் போன். "மாப்ள, ஐபி வந்துருச்சு, எஸ் பாஸ்! பாக்கி மூணு லட்சத்தை நாளைக்கே கட்டணுமாம். ஒங்கக்கா சங்கிலிய அடகு வைக்கப் போறேன்."

எஸ் பாஸ்னா நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி. அந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். அசல் மாதிரியேதான் இருந்துச்சு. அமைச்சு சின்னம், கியூஆர், நிஜமான ஒரு கம்பெனியோட பேர். சம்பளம்தான் இடிச்சது: மாசம் 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2025 செப்டம்பர்லேர்ந்து புதுசா எஸ் பாஸ் போட்டா குறைஞ்சது 3,300 வெள்ளி காட்டணும், வயசு கூடினா இன்னும் கூடும். இங்க இருக்கிற நமக்குத் தெரியும், ஊர்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

மனிதவள அமைச்சு இணையப் பக்கத்துல மச்சானோட பாஸ்போர்ட் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். விண்ணப்பமே இல்லை. மறுநாள் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். "தம்பி, இப்படிக் கேக்குற நாலாவது ஆள் நீங்க"ன்னாங்க ஆபீஸ் அக்கா.

ஏஜென்ட் யாரோ எவரோ இல்லை. அக்கா கல்யாணத்துல பந்தி பரிமாறினவர். அதனாலதான் மச்சான் ரசீதுகூட வாங்காம முதல்லயே 50,000 ரூபாயைக் கொடுத்திருக்கார். இதை நினைச்சாதான் இன்னும் வயிறு எரியுது.

உட்லண்ட்ஸ் வாசி:
எங்க அம்மா வந்தப்போ தங்கச்சி இணையத்துல தேடி, முதல்ல வந்த பக்கத்துல வருகை அட்டை (சிங்கப்பூருக்குள்ள வர்றவங்க இணையத்துல நிரப்புற படிவம்) போட்டுட்டா. 80 வெள்ளி பிடிச்சுட்டாங்க. குடிநுழைவு ஆணையத்தோட பக்கத்துல அது இலவசம். வர்ற நாளோட சேர்த்து மூணு நாளுக்குள்ள போட்டா போதும். காசு கேட்டாலே மூடிட்டு வெளிய வந்துருங்க.

டார்ம் தம்பி:
அண்ணே, எனக்கு நடந்தது ஐபி விஷயம் இல்லை, பெர்மிட் (வேலை அனுமதி) புதுப்பிக்கிறது. டெஸ்ட் (தொழில்திறன் தேர்வு) அடிச்சு வந்த ரெண்டாவது வருஷம், சூப்பர்வைசர் கூப்பிட்டு, "1,500 வெள்ளி கொடுத்தாதான் உன் பேரை அனுப்புவேன்"னார். எங்க டார்ம் (தொழிலாளர் விடுதி) ரூம்ல பன்னெண்டு பேர், எல்லாருமே கொடுத்தோம். இதுதான் வழக்கம்னு நினைச்சோம்.

அப்புறம்தான் தெரிஞ்சது, வேலை தர்றதுக்கோ புதுப்பிக்கிறதுக்கோ தொழிலாளிகிட்ட காசு வாங்கினா இங்க குற்றம். 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. லைசென்ஸ் உள்ள ஏஜென்சி வாங்குற கட்டணத்துக்கும் அளவு இருக்கு: ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாசச் சம்பளம், எவ்வளவு நீண்ட ஒப்பந்தமா இருந்தாலும் ரெண்டு மாசத்துக்கு மேல கூடாது.

சிராங்கூன் ரோட்டுல இருக்கிற வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போறதுக்கு எனக்கு மூணு வாரம் தைரியம் வரலை. வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். அங்க தமிழ்லயே பேசினாங்க. காசு கொடுத்த தேதி, இடம், கூட இருந்தவங்க, எல்லாத்தையும் எழுதிக்கச் சொன்னாங்க. ரூம்ல மத்தவங்க யாரும் வரலை, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், கடன் அப்படி. நான் இப்ப வேற கம்பெனியில இருக்கேன்.

உட்லண்ட்ஸ் வாசி:
தம்பி, தனியா போய் நின்னீங்களே, பெரிய விஷயம். வெல்டர் அண்ணே, அந்த 50,000 திரும்பி வந்துச்சா?

துவாஸ் வெல்டர்:
இல்லைம்மா. சங்கிலி அக்கா கழுத்துல இருக்கு, அது போதும்னு அவங்க சொல்றாங்க, எனக்கு மனசு ஆறலை. ஏஜென்ட் நம்பர் அணைஞ்சு கிடக்கு. மச்சான் இந்தியாவோட இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடிச்சுப் புகார் கொடுத்துட்டார், நான் இங்க போலீஸ்லயும் கொடுத்திருக்கேன். இனிமே சந்தேகம்னா சிங்கப்பூர் மோசடி உதவி எண் 1799க்கு முதல்லயே கேட்டுடுங்க.

எனக்கு முன்னாடி அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணின மூணு பேர்ல யாராவது இதைப் படிச்சா, இங்க ஒரு வரி எழுதுங்க. ஏஜென்ட் ஒரே ஆளா இருந்தா சேர்ந்து புகார் கொடுப்போம். நான் ஞாயித்துக்கிழமை தேக்காவுலதான் இருப்பேன்.