அவ்னிங்கை ஸ்ட்ராப் போட்டுக் கட்டி விடலாமா, இல்ல காத்துன்னாலே சுருட்டிடணுமா?

கொங்கு_டு_டல்லாஸ்:
போன மாசம்தான் 24 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற வீடு) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம், அதுல 16 அடி எலக்ட்ரிக் அவ்னிங் இருக்கு, அதாவது பக்கச் சுவத்துலேர்ந்து நிழலுக்கு விரிக்கிற துணிக்கூரை. முதல் ட்ரிப் டெக்சாஸ் கடற்கரைல பாட்ரே ஐலண்ட், கார்பஸ் கிறிஸ்டி பக்கம் மலக்கீட் கேம்ப்கிரவுண்ட். அங்க நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, அதனால வண்டிய நிறுத்தின உடனே அவ்னிங்க விரிச்சேன். கடல்காத்து நிக்காம அடிக்குது, துணி டப்பு டப்புன்னு அடிச்சுக்கிற சத்தத்துல பாப்பா தூங்கவே இல்ல, சுவத்துல கைய வச்சா அதிருது. பயந்து போய் சுருட்டிட்டேன், மூணு நாளும் வெயில்தான். பக்கத்து சைட்ல ஒருத்தர் ரெண்டு மூலையிலயும் ஸ்ட்ராப் போட்டு தரையில இழுத்துக் கட்டிட்டு நிம்மதியா உக்காந்திருந்தார். அத நானும் வாங்கலாமா?

பழைய_பந்தல்:
தாராளமா வாங்குங்க தம்பி. நான் 20 வருஷத்துக்கு மேல டிரெய்லர் இழுக்கிறேன், ஒரு அவ்னிங் கூட போனதில்ல. நடுவுல ஸ்பிரிங் வச்ச ஸ்ட்ராப்பா பாத்து வாங்கணும், காத்து தூக்குறப்ப கொஞ்சம் விட்டுக் கொடுக்கும், சடக்குன்னு இழுக்காது. முளை சாதா டென்ட் முளை வேணாம், நாய் கட்ட விக்கிறாங்களே திருகி இறக்குறது, அது. மணல்ல அதுவும் நிக்காது, ஒரு பையில மணல் ரொப்பி ஒண்ணரை அடி ஆழத்துல புதைச்சு அதுல கட்டணும். அப்புறம் டீஃப்ளாப்பர்னு கிளாம்ப் வரும், துணியோட ஓரத்தையும், துணிய ரெண்டு பக்கமும் தாங்குற கம்பிக் கையையும் சேத்துப் பிடிச்சுக்கும், பாதி சேதம் அந்தப் படபடப்புலதான் வருது. நம்ம ஊர்ல ஷாமியானா போடுறவன் கயிறு கட்டாம விடுறானா?

பேட்லேண்ட்ஸ்_அனுபவம்:
அண்ணே, மன்னிக்கணும், இந்த அட்வைஸ கேட்டுத்தான் நாங்க மாட்டிக்கிட்டோம், அதனால சும்மா இருக்க முடியல. சவுத் டகோட்டா பேட்லேண்ட்ஸ், சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்ட். சாயங்காலம் காத்தே இல்ல, ஸ்ட்ராப் போட்டிருக்கோமேங்கிற தைரியத்துல விரிச்சபடியே விட்டுட்டுத் தூங்கிட்டோம். ராத்திரி ஒரு மணி போல மழைக்கு முன்னாடி ஒரு குளிர்ந்த காத்து வந்துச்சு பாருங்க, எழுந்து கதவைத் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஸ்ட்ராப் அறுந்து போகல, முளையும் பிடுங்கல, ஒரு பக்கத்து கை சுவத்துல பிடிச்சிருந்த ஸ்க்ரூவோட பிச்சுக்கிட்டு வந்துச்சு. மறுபக்கம் கூரை மேல போய் விழுந்துச்சு. அந்த ஓட்டைல தண்ணி உள்ள இறங்கி உள்மரம் ஊறிப்போய், துணிக்கு ஆன செலவ விட சுவத்துக்கு ஆனதுதான் பல மடங்கு. ஷாமியானா கிழிஞ்சா துணியோட போச்சு, இது வீட்டுச் சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு அண்ணே.

கணக்குப்பிள்ளை_மிச்சிகன்:
அக்கா சொல்றதுல கணக்கு இருக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா விசை நாலு மடங்கு ஆகும். 16 அடிக்கு 8 அடி அவ்னிங்னா 128 சதுர அடி. மணிக்கு 20 மைல் காத்து முழுசா பிடிச்சா தோராயமா 130 பவுண்ட், அதுவே 40 மைல்னா 520 பவுண்டுக்கு மேல. இத தாங்குறது மெல்லிசு சுவத்துல இறங்கியிருக்கிற சில ஸ்க்ரூ. ஃபோர்காஸ்ட்ல காத்து 12 மைல்னு பாத்துட்டு விட்டுடாதீங்க, பக்கத்துலயே கஸ்ட் (திடீர்னு வீசுற பலத்த காத்து) 30னு போட்டிருக்கும், உடைக்கிறது அந்த கஸ்ட்தான். நேஷனல் வெதர் சர்வீஸ் சைட்ல உங்க இடத்த அழுத்தினா மணிக்கு மணி கஸ்ட் தனியா காட்டும்.

பழைய_பந்தல்:
கணக்கு சரி தம்பி, ஆனா நான் தூங்கும்போது விட்டுட்டுத் தூங்கச் சொல்லலையே. பகல்ல கீழ உக்காந்திருக்கிறப்ப 15 மைல் காத்துக்கெல்லாம் சுருட்டிட்டே இருந்தா பாட்ரே ஐலண்ட்ல ஒரு நாள் கூட நிழல் கிடைக்காது, அங்க காத்து இல்லாத நாள் எது? அப்புறம் எதுக்கு அது வண்டியில இருக்கு?

பேட்லேண்ட்ஸ்_அனுபவம்:
அண்ணே உங்களோடது கையால சுருட்டுற பழைய டைப்பா?

பழைய_பந்தல்:
ஆமா. அந்தக் கைய கீழ கழட்டி நேரா தரையில நிறுத்தி முளை அடிச்சிடுவேன்.

பேட்லேண்ட்ஸ்_அனுபவம்:
அதான் விஷயமே! உங்களுக்கு பாரம் நேரா தரைக்கு இறங்குது, ரெண்டு கம்பம் நட்ட பந்தல் மாதிரி. எலக்ட்ரிக்ல கை சுவத்துலயே நிக்குது, தரைக்கு வரவே வராது, மடங்குற கைதான். அதுக்கு ஸ்ட்ராப் போட்டா ஸ்ட்ராப் கீழ இழுக்குது காத்து மேல தூக்குது, ரெண்டுக்கும் நடுவுல அந்த மூட்டு மாட்டிக்குது. தம்பி கேட்டது எலக்ட்ரிக் பத்தி.

கொங்கு_டு_டல்லாஸ்:
ஐயோ இது எனக்குத் தெரியவே தெரியாது. எங்களுதுல காத்தடிச்சா தானா சுருட்டிக்கிற சென்சார் இருக்குன்னு விக்கிறவங்க சொன்னாங்களே, அப்ப ஸ்ட்ராப்பும் போட்டு சென்சாரையும் ஆன் பண்ணி வச்சா ரெட்டைப் பாதுகாப்பு இல்லையா?

கணக்குப்பிள்ளை_மிச்சிகன்:
அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க ப்ரோ! சென்சார் கை ஆடுறத வச்சு மோட்டர ஓட்டுது, ஸ்ட்ராப் கட்டியிருந்தா மோட்டர் உள்ள இழுக்கும் ஸ்ட்ராப் விடாது, துணியோ மோட்டரோ ஒண்ணு போகும். கட்டினா சென்சார ஆஃப் பண்ணணும், சென்சார நம்பினா கட்டக்கூடாது. அதுவும் முதல் ஆட்டம் வந்த பிறகுதான் அது முழிச்சுக்குது, முழுசா சுருட்ட கொஞ்ச நேரம் ஆகும், பெரிய கஸ்ட் அதுக்குக் காத்திருக்காது. அத நம்பிட்டு டவுனுக்குப் போகாதீங்க.

பழைய_பந்தல்:
சரி, எலக்ட்ரிக்குக்கு ஸ்ட்ராப் விஷயத்துல அந்தம்மா சொல்றத ஒத்துக்கிறேன், எனக்கு அதுல பழக்கமில்ல. ஆனா டீஃப்ளாப்பர் போடலாம், அது துணியத்தான் பிடிக்குது, சுவத்த இழுக்காது. சுருட்டுறதுக்கு முன்ன ஞாபகமா கழட்டணும், அவ்ளோதான். கையால சுருட்டுறவங்க கட்டக் கூடாதுங்கிறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

பேட்லேண்ட்ஸ்_அனுபவம்:
பகல்ல, ஆள் கீழ இருக்கும்போது, கையால சுருட்டுறதுன்னா கட்டுங்க அண்ணே, சண்டையில்ல. ஆனா "கட்டியிருக்கேன்"ங்கிற நினைப்புதான் ஆள எழுந்திருக்க விடாம பண்ணுது, எங்களுக்கு நடந்தது அதுதான். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, இது துணி. நாங்க இப்ப மூணு நேரம் கட்டாயம் சுருட்டிடறோம், தூங்கப் போறப்ப, வெளிய போறப்ப, தூரத்துல இடி கேட்டா. காத்து நிக்காத இடத்துல வண்டிய காத்துக்கு மறைப்பா நிறுத்தி கதவுப் பக்கம் காத்து படாத பக்கமா பாத்துக்கறோம், சைட் அதுக்கு இடம் கொடுத்தா. இல்லேன்னா தனியா நிக்கிற சின்ன துணிப்பந்தல் ஒண்ணு, அது பறந்தா பறக்கட்டும், வீட்டுச் சுவரு தப்பிச்சுக்கும்.

கொங்கு_டு_டல்லாஸ்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இன்னொண்ணு, நனைஞ்சபடியே சுருட்டினா பூஞ்சை பிடிக்காதா? அதுக்குப் பயந்துதான் போன தடவை மழைக்குக் கூட சுருட்டத் தயங்கினேன்.

பழைய_பந்தல்:
நனைஞ்சா நனையட்டும், சுருட்டுங்க. ஒரு கேலன் தண்ணி எட்டு பவுண்டுக்கு மேல, துணி நடுவுல குளம் கட்டினா காத்து கூட வேணாம், கை வளைஞ்சிடும். வீட்டுக்கு வந்து அடுத்த வெயில்ல ஒரு மணி நேரம் விரிச்சுப் போட்டா காஞ்சிடும். பேட்டரி தீந்தா கையால சுருட்டுறது எப்படின்னு மேனுவல்ல இருக்கும், சிலதுல டிரில் வச்சுத் திருப்பணும், கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒரு தடவை பண்ணிப் பாத்துடுங்க தம்பி.