தமிழ்ப் பெயர் வந்தால் ஃபைலில் இடம் மாறிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை. பழைய இஆர்பியிலிருந்து (நிறுவன நிர்வாக மென்பொருள்) பில்லிங் சிஸ்டத்துக்குத் தினமும் ராத்திரி வாடிக்கையாளர் விவரங்களை ஃபிக்சட் விட்த் டெக்ஸ்ட் ஃபைலாக (ஒவ்வொரு விவரத்துக்கும் இத்தனை இடம் என்று நிலையாக ஒதுக்கிய ஃபைல்) அனுப்புகிறோம். ஓசூர்க் கடைக்காரர்களின் பெயரைத் தமிழில் சேர்த்ததிலிருந்துதான் சிக்கல்.

‘முருகன்’ யூனிகோடில் 7 குறிகள், அதை ஃபைலில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். அனுப்பும் பக்கம் குறிகளை எண்ணி, பெயருக்கான 40 இடம் வரை இடைவெளி நிரப்புகிறது. வாங்கும் பக்கமோ பைட்டை எண்ணுகிறது. 14 பைட் தள்ளிப்போய், 635109 வர வேண்டிய பின்கோடு கட்டம் வெறுமையாக நிற்கிறது. பில் போய்ச் சேரவில்லை என்று கடைக்காரர்கள் கேட்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்ற எனக்கு மனமில்லை.

பைட் கணக்கில் இடைவெளி நிரப்பினால் போதுமா? நீளமான பெயர் எழுத்தின் நடுவே வெட்டுப்படாதா? இல்லை, பைப் குறி (|) போட்டுப் பிரிக்கும் ஃபைலுக்கே மாறிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.