யப்பானிய மொழியில் சரளமாகப் பேசப் பழகுவதற்கு உதவி தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். ஹட்டனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் நான், வேலைக்காகவோ வெளிநாடு செல்வதற்காகவோ அன்றி, மொழியின் மீதுள்ள விருப்பத்தினால் மட்டுமே இரண்டு ஆண்டுகளாக யப்பானிய மொழியைக் கற்று வருகிறேன். பாதியில் விடாமல், சரளமாக உரையாடும் வரை கற்பதென்று உறுதி பூண்டிருக்கிறேன்.

இம்மொழியின் வாக்கிய அமைப்பு நமக்கு அந்நியமானதன்று. "நான் தேநீரைக் குடிக்கிறேன்" என்பதை "வதாஷி வா ஓச்சா ஓ நொமிமாஸ்" என்று அதே சொல்வரிசையில் கூறலாம்; நமது 'ஐ' உருபு நிற்கும் இடத்தில் அவர்களது 'ஓ' நிற்கிறது. இதை முதலில் கண்டபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. பொதுப் பயன்பாட்டுக்கான 2,136 கான்ஜி எனும் சீன வழி எழுத்துகளைப் பொறுமையால் வென்றுவிடலாம் என்றே நம்புகிறேன்.

பேச்சுத்தான் தடையாக இருக்கிறது. ஐந்து நிலைகளைக் கொண்ட யப்பானிய மொழித் திறன் பரீட்சையில் பேச்சுக்கான பகுதி இல்லாததால், அதற்காக மட்டும் படித்த எனக்கு வாய்ப்பழக்கம் ஏற்படவில்லை. கடந்த மாதம் நானுஓயா புகையிரத நிலையத்தில் யப்பானியப் பயணி ஒருவர், எல்ல செல்லும் ரயில் எந்த மேடைக்கு வரும் என்று கேட்டார். கேள்வி முழுவதும் விளங்கியும், பதிலுக்குரிய சொற்கள் தெரிந்திருந்தும், விரலால் சுட்டிக்காட்ட மட்டுமே என்னால் முடிந்தது.

மலையகத்தில் இம்மொழியைப் பேசுவோர் எவரேனும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் என்னுடன் உரையாட முன்வருவீர்களா? மழைக்காலத்தில் இங்கு அலைவரிசை சரியாகக் கிடைப்பதில்லை என்பதால் குரல் அழைப்பே போதுமானது. தனியாகப் பேசிப் பழகித் தேர்ச்சி பெற்றவர்கள், தாம் கையாண்ட முறையை விரிவாக எழுதினாலும் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.