மறு: ஓவர்டிரைவ் பெடலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் கிட்டார் வாசிப்பவர்களுக்கான கையேட்டுக்கு, ஓவர்டிரைவ் பெடலுக்கு (கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதித்து இயக்கும், ஒலியைத் திரிக்கும் பெட்டி) சொல் கேட்டு வந்த மடலுக்கு நல்ல பதில்கள் வந்திருக்கின்றன. கொஞ்சம் மறுத்துப் பேச அனுமதியுங்கள்.

> மிகையோட்டம் எனலாம். இல்லையென்றால் மிகைமுடுக்கம்.

மின்சாரம் புழங்கும் இடத்தில் ஓட்டம் என்றாலே மின்னோட்டம்தான். மிகையோட்டம் என்று எழுதினால் ஃபியூஸ் போகப்போகிறது என்று படிப்பவர் பயந்துவிடுவார். முடுக்கத்தையோ பள்ளி இயற்பியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. கார் கியரிலும் ஓவர்டிரைவ் உண்டு என்பதால் இந்தப் பக்கம் போய்விட்டோம் என்று நினைக்கிறேன். கிட்டாரில் எதுவும் வேகமாக ஓடுவதில்லை.

நடப்பது இதுதான். வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கிட்டார் ஒலிபெருக்கி) ஒன்றுக்குள் அது தாங்கும் அளவைவிடப் பெரிய சமிக்ஞை போனால், அலையின் முகடுகள் மேலே போக இடமில்லாமல் தட்டையாகும். தட்டையாகும்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் சேரும். அந்தச் சேர்க்கை காதுக்குப் பிடித்துப்போனது. ஆனால் அதைப் பெற ஆம்பைக் கிட்டத்தட்ட முழுச் சத்தத்தில் வைக்க வேண்டும். வீட்டில் நடக்கிற காரியமா? குறைந்த சத்தத்திலேயே அந்த ஒலியைத் தரத்தான் இந்தப் பெட்டிகள் வந்தன. பாஸ் நிறுவனத்தின் ஓடி-1 (OD-1) வந்தது 1977இல். ஐபனீஸின் டியூப் ஸ்க்ரீமர் அதற்குச் சற்றுப் பின்னால்.

ஆக, இங்கே பெயர் வைக்க வேண்டியது ஓட்டத்துக்கு இல்லை, எல்லையைத் தாண்டுவதற்கு. என் பரிந்துரை: மீறல். பெட்டிக்கு மீறல் பெட்டி. மீறொலி என்றும் யோசித்தேன்; மீயொலியோடு குழம்பும், ஸ்கேன் எடுக்கிற இடத்து வாடை வரும். மீறல் என்றால் அத்துமீறல் நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். வரட்டும், ராக் இசைக்கு அது ஒன்றும் கெட்ட பெயர் இல்லை.

> அலை மழுங்குவதால் 'மழுக்கி' பொருத்தம்.

அலைக்காட்டியின் திரையைப் பார்த்தால் பொருத்தம்தான். கேட்டால் இல்லை. மழுங்கிய ஒலி என்று நாம் சொல்வது போர்வைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலியை; இது அதற்கு நேரெதிர், பளிச்சென்று முன்னே வந்து நிற்கும். ஆனால் மழுக்கம் என்ற சொல்லை வீணாக்க வேண்டாம், சுற்றின் வேலையைச் சொல்ல அது வேண்டும். டியூப் ஸ்க்ரீமரில் அலையைத் தட்டையாக்கும் டையோடுகள், செயல்பாட்டுப் பெருக்கியின் (ஆப்-ஆம்ப் என்ற சிப்பின்) பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழியில் இருக்கின்றன. முகடு மெல்ல வளைந்து படியும். பாஸின் டிஸ்டார்ஷன் பெட்டியான டிஎஸ்-1இல் பெருக்கம் முடிந்த பிறகு டையோடுகள் சமிக்ஞையைத் தரைக்கு இழுத்துவிடுகின்றன. முகடு கத்தரித்தாற்போல நிற்கும். முதலாவது மழுக்கம், இரண்டாவது வெட்டு. soft clipping, hard clipping என்பதைப் பார்த்து மென்வெட்டு, வன்வெட்டு என்று இரட்டையாகக் கட்டத் தேவையில்லை, தமிழில் ஏற்கெனவே இரண்டு வினைகள் இருக்கின்றன.

மீறலைவிடக் கடுமையான டிஸ்டார்ஷனுக்குத் திரிபு இருக்கிறது, விட்டுவிடலாம். அதையும்விடக் கரடான ஃபஸ்ஸுக்குப் பிசிறு. பிசிறில்லாமல் பாடினார் என்கிறோமே, அதே பிசிறு, இங்கே வேண்டுமென்றே. கரகரப்பு என்று வந்த யோசனையை ஏற்க முடியவில்லை: கிழிந்த ஸ்பீக்கர், கெட்ட கேபிள், தொண்டைக்கட்டு என எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறோம்.

தம்புராவின் ஜீவாவைச் சுட்டியவருக்குத் தனி நன்றி. மேற்சுரங்களை வரவழைப்பதற்காகவே தந்திக்கும் அதைத் தாங்கும் கட்டையான குதிரைக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி, அதற்கு உயிர் என்று பொருள்படப் பெயரும் வைத்த மரபு நம்முடையது. அழகுதான். ஆனால் அங்கே தந்தி குதிரையின் மேல் உரசி எழுகிறது, எந்த வரம்பும் தாண்டப்படுவதில்லை. கடன் வாங்கினால் இரண்டும் கலங்கும்.

பெடலுக்கு 'மிதியடி' என்று ஒரு குரல் வந்தது. வாசலில் கிடப்பதல்லவா அது! பெடலுக்கு மிதிப்பெட்டி, பல பெடல்களை அடுக்கும் பலகைக்கு மிதிப்பலகை போதும்.

சரி, சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று கையேட்டுப் பகுதி ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

"எளிய மிதிப்பலகைக்குச் சுருதிப்பெட்டி அல்லாத ட்யூனர், ஒரு மீறல் பெட்டி, ஒரு எதிரொலிப்பெட்டி போதும், இதே வரிசையில். எதிரொலியை முன்னால் வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் மீறலுக்குள் புகுந்து கசங்கும். இசைக்குழுவில் வாசிப்பவர் டியூப் ஸ்க்ரீமர் வகையை எடுக்கலாம். அது சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போவதால் பேஸ் கிட்டாரோடு மோதாது. தனியாக வீட்டில் வாசித்தால் அதுவே மெலிந்து கேட்கும். அப்போது அடியொலியை அதிகம் விட்டுவைக்கும் பாஸ் பிடி-2 (BD-2) போன்றதைப் பாருங்கள். ஏற்கெனவே வால்வு ஆம்ப் இருந்தால் மீறல் குமிழைக் குறைத்து, அளவுக் குமிழை ஏற்றுங்கள். மீறுவது ஆம்பாக இருக்கும், பெட்டி அதைத் தள்ளிவிடும்."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் எனக்குச் சோதனை. 'டிரைவ்' குமிழுக்கும் பெட்டிக்கும் ஆம்புக்கும் ஒரே வேர்ச்சொல் இடறாமல் வருகிறது. மிகைமுடுக்கத்தை வைத்து அதே வரிகளை எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். முதல் வரியில் "சுருதிப்பெட்டி அல்லாத ட்யூனர்" என்பது அசிங்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சுருதிகாட்டி என்று மாற்றிவிடலாம்.

க்ளான் சென்டார் என்ற பேர்பெற்ற மீறல் பெட்டி பற்றியும் கையேட்டில் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். 1994இல் வந்த பெட்டி, பழையது இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. முதல் பெட்டி வாங்குபவருக்கு எதற்கு? தூய ஒலியையும் மீறலையும் கலந்து தருவது அதன் குணம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் குணத்தைப் பின்பற்றும் மலிவுப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

இலங்கை நண்பர்கள் பெருக்கி என்பதை விரியலாக்கி என்று வாசித்துக்கொள்வார்கள் என நம்புகிறேன். அந்தப் பழைய வழக்கை இங்கே மறுபடி திறக்க வேண்டாம்.

சமிக்ஞையின் அளவை ஏற்ற மட்டும் செய்யும் பூஸ்ட் பெட்டிக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. உந்தம் இயற்பியலுக்குப் போய்விட்டது, ஊக்கி வேதியியலில் இருக்கிறது. 'ஏற்றி' என்று வைக்கலாமா? மாற்று இருந்தால் எழுதுங்கள், கையேடு அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது.