சிஆர்ஐ-க்கு ‘நிற ஒப்பெண்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஓவியம் வரையும் அறைக்கு விளக்கு தேர்வு செய்வது பற்றித் தமிழில் எழுதினால் ‘கலர் ரெண்டரிங் இண்டெக்ஸ்’ வந்தே தீரும். ஒரு விளக்கின் ஒளியில் பொருள்களின் நிறங்கள் எப்படித் தெரிகின்றன என்பதற்குத் தரப்படும் எண் அது. பல்பு பெட்டியில் சிஆர்ஐ 80, 90 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. ‘வண்ண வழங்கல் குறியீடு’ என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடு இல்லை. விளக்கு எந்த வண்ணத்தையும் வழங்குவதில்லையே.

‘நிறமெய்மை எண்’ என்ற இன்னொரு பெயர் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஓவியரை ஏமாற்றிவிடும். குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிஆர்ஐ கிட்டத்தட்ட 100. இருந்தும் அந்த மஞ்சள் ஒளியில் நீலங்கள் மங்கிக் கருத்துத் தெரியும். வெள்ளையையும் வெளிர்மஞ்சளையும் பிரித்தறிவது கடினம். அதை நம்பி இரவில் வண்ணம் கலந்தால் காலையில் படம் வேறாகத் தெரியும். அப்புறம் 100 எப்படி வந்தது? விளக்கின் நிற வெப்பநிலை (ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதைக் கெல்வினில் சொல்லும் அளவு) எதுவோ, அதே வெப்பநிலை கொண்ட ஒரு முன்மாதிரி ஒளியோடுதான் ஒப்பிடுகிறார்கள். 5000 கெல்வினுக்குக் கீழே என்றால் அந்த முன்மாதிரி, சூட்டால் ஒளிரும் கரும்பொருளின் ஒளி. அதற்கு மேலே பகலொளி. இரண்டு ஒளியிலும் 8 வண்ண மாதிரிகள் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்று கணக்கிட்டு, அதற்கேற்ப 100-லிருந்து குறைக்கிறார்கள். குண்டு பல்பு ஏறக்குறைய தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது.

நடப்பது ஒப்பீடு என்பதால் ‘நிற ஒப்பெண்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ‘மதிப்பெண்’ என்ற சொல் அமைந்த வழியிலேயே அமைவதால் புதுச்சொல் என்ற உறுத்தல் இராது.

இன்னொரு வசதியும் உண்டு. அந்த 8 மாதிரிகளில் அடர்சிவப்பு கிடையாது. அது ஆர்9 என்று தனியாக அளக்கப்படுகிறது. சிஆர்ஐ 80 உள்ள எல்இடி விளக்குகள் பலவற்றில் ஆர்9 மிகவும் தாழ்ந்திருக்கும். தோல் நிறமும் காட்மியம் சிவப்பும் அவற்றின் கீழ் உயிரிழந்து தெரியும். அதைச் ‘சிவப்பு ஒப்பெண்’ என்று சொல்லிவிடலாம். ‘மெய்மை’யை வைத்து இப்படி நீட்டிப் பாருங்கள், ‘சிவப்பு மெய்மை எண்’ சரியாக ஒட்டவில்லை.

கட்டுரையில் வாக்கியம் இப்படி வரும்: “கேன்வாஸுக்கும் வண்ணத் தட்டுக்கும் ஒரே வகை விளக்கு போடுங்கள், நிற வெப்பநிலை 5000 கெல்வின் அளவிலும், நிற ஒப்பெண் 90-க்கு மேலும் இருக்கட்டும், சிவப்பு ஒப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள்.”

‘ஒப்பெண்’ வேறு துறையில் ஏற்கெனவே புழங்கினால் சொல்லுங்கள், ‘நிற ஒப்புமை எண்’ என்று விரித்துக்கொள்ளலாம்.